பத்து வசனமும் ஒரு பஸ் பயணமும்

பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. எட்டு வயதுப் பிள்ளை முதலில் ஏறி, சாரதியின் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டது. அவர் பதில் சொன்னார். பிள்ளை திரும்பி, கீழே நின்ற தன் உம்மாவிடம், "இதுதானாம் உம்மா, ஏறுங்க" என்றது. என் தங்கை தலையைக் குனிந்தபடி ஏறினாள். அவளுக்குப் பின்னால் நானும் ஏறினேன்.

நெதர்லாந்து நாட்டைப் பற்றி எழுதுவோர் காற்றாலைகளையும் கால்வாய்களையும் துலிப் பூந்தோட்டங்களையும் பற்றி எழுதுவார்கள். அவை பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பஸ் கதவைப் பற்றி. அந்தக் கதவடியில் என் தங்கை குனிந்த தலை என் மனதை விட்டு அகலவில்லை.

தங்கை மணமுடித்து அங்கே போய் ஒன்பது வருடங்கள். உட்ரெக்ட் நகரிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சிறிய ஊரில் குடியிருக்கிறார்கள். மச்சான் மரக்கறி பொதி செய்யும் ஓரிடத்தில் வேலை செய்கிறார். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு, மத்ரஸாவில் ஐந்து வார லீவு பெற்று அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் உம்மா மௌத்தான பின்னர் தங்கையை அப்போதுதான் கண்டேன்.

மச்சான் மிக நல்ல மனிதர். தங்கை கேட்குமுன்பே காரை எடுத்து வாசலில் நிறுத்திவிடுவார். கடைக்குப் போவதென்றாலும் டாக்டரிடம் போவதென்றாலும் அவருடைய கார்தான். அவருக்கு லீவு கிடைக்காத நாளில் மகள். புதன்கிழமைகளில் அங்கே பல ஆரம்பப் பாடசாலைகள் நண்பகலோடு விட்டுவிடும். ஆகவே தங்கையின் வெளி வேலைகள் எல்லாம் புதன்கிழமை பின்னேரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. மகள் கையைப் பிடித்துக்கொண்டு போவாள், மகள் கேட்பாள், மகள் சொல்வாள்.

"ஒன்பது வருஷமாகியும் பாஷை படிக்கல்லையா?" என்று ஒரு நாள் இரவு கேட்டேன். கேட்டது பிழை என்று உடனே விளங்கியது.

"படிக்காமலா காக்கா? பரீட்சை பாஸ் பண்ணித்தானே வந்தன்" என்றாள்.

உண்மைதான். வெளிநாட்டிலிருந்து மணமுடித்து அங்கே போகிறவர்கள், போகுமுன்பே ஓர் அடிப்படை மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்ற சட்டம் 2006 முதல் இருக்கிறது. தங்கை ஊரில் இருந்தபோதே பாடமாக்கி அதில் சித்தியடைந்தாள். அங்கே போன பின்னரும் வகுப்புக்குப் போனாள். அவளுடைய கொப்பிகள் அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எழுத்து முத்து முத்தாக இருந்தது. வாய்தான் திறக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல ஒரு விஷயத்தைச் சொன்னாள். பெண்களுக்குரிய ஒரு வைத்தியத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நேரத்தைத் தொலைபேசியில் சொன்னார்கள். 'ஹால்ஃப் ட்ரீ' என்றார்கள். 'ஹால்ஃப்' என்றால் அரை. 'ட்ரீ' என்றால் மூன்று. தங்கை மூன்றரை என்று எண்ணிக்கொண்டாள். ஆனால் அந்தப் பாஷையில் அதற்கு அர்த்தம் இரண்டரை மணி. மூன்றை நோக்கிப் போகும் அரை என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். வகுப்பில் படித்ததுதான், தொலைபேசியில் அவசரமாகக் கேட்டபோது காது தமிழிலேயே கேட்டுவிட்டது. ஒரு மணித்தியாலம் பிந்திப் போனவளுக்குப் புதிதாக நேரம் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து.

"அது அடுத்த புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை. மகளக் கூட்டிட்டுப் போக எனக்கு விருப்பமில்ல காக்கா. அந்த விஷயங்கள எப்படிப் பிள்ளையைக் கொண்டு கேக்கிற? அவருக்கும் அண்டைக்கு லீவில்ல."

"நான் வாரன்" என்றேன்.

"நீங்க வந்து என்ன கதைப்பீங்க?" என்று சிரித்தாள். அதுவும் உண்மைதான்.

சகோதரிகளே, அந்த இடத்தில் என்னுடைய பழைய வெட்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன் உம்ராவுக்குப் போயிருந்தேன். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் நஹ்வும் ஸர்ஃபும் படித்தவன் நான். மக்காவில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் நின்று, ஹரமுக்குப் போகும் பஸ் எது என்று கேட்க வேண்டியிருந்தது. இந்தச் சொல்லுக்கு ளம்மா வருமா, ஃபத்ஹா வருமா என்று மனதுக்குள் இலக்கணம் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் போய்விட்டது. பக்கத்தில் நின்ற, அரபி அறியாத ஒரு வயோதிபர், "ஹரம்? ஹரம்?" என்று கேட்டு அதில் ஏறிப் போயிருந்தார்.

தங்கைக்கு இருந்த நோயும் என் நோய்தான். பிழை வந்துவிடுமோ என்ற பயம். அறிவு கொப்பியில் இருக்கிறது. நாவுக்கு வர வெட்கம் விடுவதில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு புதுக் கொப்பியை எடுத்துவரச் சொன்னேன். "உனக்கு ஆயிரம் வசனம் தெரியும். அதில் பத்து மட்டும் போதும். பஸ்ஸுக்கும் கோச்சிக்கும் வேண்டிய பத்து. அதை எனக்குப் படித்துத் தா" என்றேன். நான் மாணவன், அவள் உஸ்தாத். நபி (ஸல்) அவர்கள் சொன்னதற்கிணங்க, ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் யூதரின் எழுத்தை அரை மாத அளவில் கற்றுக்கொண்டதாக ஹதீஸில் வருகிறது. எங்களுக்கும் இரண்டு வாரந்தான் இருந்தது.

முதல் நாள் பாடம் சிரிப்பில் போனது. நாங்கள் இருவரும் ஏற்கனவே ஒல்லாந்தர் பாஷை பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடித்தோம். வாப்பா வேலை செய்த 'கந்தோர்' அவர்களுடைய 'கன்டோர்'. மேசையில் இருக்கும் 'லாச்சி' அவர்களுடைய 'லாட்ச்ய'. சமையலறையில் தங்கை நறுக்கிக்கொண்டிருந்த 'போஞ்சி' அவர்களுடைய 'போன்ட்ச்ய'. காணி உறுதி எழுதும் 'நொத்தாரிசு', வீட்டு முன்புற 'இஸ்தோப்பு', எண்ணெயில் பொரிக்கும் 'கொக்கிஸ்' எல்லாம் அங்கேயிருந்து வந்தவையே. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னோர் இடத்தின் பெயரும் அவர்கள் தந்ததுதான்; அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, 1796இல் ஆங்கிலேயரிடம் எல்லாவற்றையும் இழந்தார்கள். எங்கள் முன்னோரிடம் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை வாங்கிய ஆட்சி அது. ஆட்சி போய்விட்டது, சொற்கள் எங்கள் வீட்டு லாச்சிக்குள் தங்கிவிட்டன. "பாஷை புதிசில்ல தங்கச்சி. எங்கட உம்மா பேசின சொல்லுகள்தான்" என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

இரண்டாம் நாள் இன்னொன்று கண்டோம். அந்தப் பாஷையில் அடிக்கடி வரும் ஓர் எழுத்து, வெள்ளைக்காரர் பலருக்கே வாயில் வராத எழுத்து, தொண்டையிலிருந்து வருவது. அது ஏறத்தாழ எங்கள் 'ஃகா'. ஜீம், ஹா என்பவற்றுக்கு அடுத்து, மேலே புள்ளியோடு வருகிறதே, அதேதான். சிறு வயதில் ஓதல் பள்ளியில் லெப்பையிடம் குட்டு வாங்கித் திருத்திக்கொண்ட மக்ரஜ். உட்ரெக்ட் என்று நாங்கள் எழுதும் ஊரை அவ்வூரார் 'யூட்ரெஃக்ட்' என்கிறார்கள். தங்கை அதை ஒரு தடவையில் சரியாகச் சொன்னாள். குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்ணுக்கு அந்தப் பாஷையின் கஷ்டமான எழுத்து ஏற்கனவே தெரியும் என்பதை ஒன்பது வருடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

எண்களிலும் அப்படியே. தமிழில் இருபதைச் சொல்லிப் பிறகு ஐந்தைச் சொல்கிறோம். அவர்கள் ஐந்தும் இருபதும் என்கிறார்கள்: 'வெய்ஃப் என் ட்விந்தஃக்'. அரபியில் 'ஃகம்ஸதுன் வஇஷ்ரூன்' என்பதும் இதே ஒழுங்குதான். 25ஆம் இலக்க பஸ்ஸை 52 என்று விளங்கிக்கொண்டு தங்கை ஒரு முறை தடுமாறியிருந்தாள். "அரபியில் எண்ணுவதுபோல் நினை" என்றேன். அதன் பிறகு தவறவில்லை. மணி சொல்வதில் மட்டும் அரபி உதவவில்லை. அங்கேயும் இரண்டும் அரையும் என்றுதான் சொல்வார்கள். ஆகவே கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினோம்: ஹால்ஃப் ட்ரீ என்றால் இரண்டரை.

இனி அந்தப் பத்து வசனங்கள். பிள்ளைகளோடு இருக்கவோ, கணவரோடு சேரவோ அந்த நாட்டுக்குப் போகும் சகோதரிகளுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். ஃக என்று வரும் இடத்தில் தொண்டையிலிருந்து உச்சரியுங்கள்.

1. ஃகூடெ மொர்ஃகன் - காலை வணக்கம். நண்பகலுக்குப் பின் 'ஃகூடெ மிட்டாஃக்'.
2. மாஃக் இக் யூ ஈட்ஸ் வ்ராஃகன்? - உங்களிடம் ஒன்று கேட்கலாமா?
3. ஃகாட் டேஸெ புஸ் நார்...? - இந்த பஸ் இன்ன இடத்துக்குப் போகுமா?
4. வார் மூட் இக் அவ்ட்ஸ்டாப்பன்? - நான் எங்கே இறங்க வேண்டும்?
5. ஹூ லாட் வெர்ட்ரெக்ட் டெ ட்ரெய்ன்? - ரெயில் எத்தனை மணிக்குப் புறப்படும்?
6. வன் வெல்க் ஸ்போர்? - எந்தத் தண்டவாளத்திலிருந்து?
7. இஸ் டேஸெ ப்ளாட்ஸ் வ்ரெய்? - இந்த இடம் காலியாக இருக்கிறதா?
8. குன்ட் யூ லாங்ஸாமர் ப்ராட்டன்? - சற்று மெதுவாகப் பேசுவீர்களா?
9. இக் லேர் நேடர்லன்ட்ஸ் - நான் உங்கள் பாஷை படித்துக்கொண்டிருக்கிறேன்.
10. டாங்க் யூ வெல் - மிக்க நன்றி.

இவற்றோடு 'அல்ஸ்டுப்ளீவ்ட்' என்ற ஒரு சொல். தயவுசெய்து என்பதற்கும் அதுதான். ஒன்றைக் கையில் கொடுக்கும்போது, இந்தாருங்கள் என்பதற்கும் அதுதான்.

அந்த நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். பிறகு எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்கலாம். தங்கைக்கு ஆங்கிலம் ஓ.எல். அளவுதான். அதோடு, பஸ் வழி மாறினாலும் ரெயில் பிந்தினாலும் அறிவிப்பு முதலில் அந்நாட்டுப் பாஷையில்தான் வரும். இன்னொன்றும் உண்டு. நாங்கள் தட்டுத்தடுமாறிப் பேசுவதைக் கேட்டதும், உதவி செய்யும் எண்ணத்தில் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அப்போது ஒன்பதாம் வசனத்தைச் சொன்னால், புன்னகையோடு திரும்பவும் தங்கள் பாஷைக்கு வந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள். ஆக முக்கியமான வசனம் அந்த ஒன்பதாவதுதான் என்பேன். எனக்குத் தெரியாது, படிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு வெட்கப்பட என்ன இருக்கிறது?

நான்காம் நாள் பஸ்ஸில் ஏறினோம். மருமகளை வீட்டில் மச்சானோடு விட்டுவிட்டோம். அங்கே பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பலர் சாரதிக்கு முகமன் சொல்கிறார்கள். இறங்கும்போது நன்றி சொல்கிறார்கள். முந்திக்கொண்டு ஸலாம் சொல்லிப் பழகிய எங்களுக்கு இது கடினமா என்ன? தங்கை ஏறும்போது 'ஃகூடெ மொர்ஃகன்' என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது. சாரதி அதே சொல்லைத் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. இருக்கையில் வந்து அமர்ந்தவள், "கேட்டிச்சா காக்கா? அவர் எனக்குச் சொன்னார்" என்றாள்.

பயண ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பெரும்பாலான பஸ்களில் காசு கொடுத்து டிக்கட் வாங்க முடியாது. பல வருடங்களாக இதற்கென்றே ஓர் அட்டை இருந்து வருகிறது. 2023 முதல் வங்கி அட்டையையும் பயன்படுத்தலாம். பஸ் கதவடியில் ஒரு கருவி இருக்கும். ஏறும்போது அட்டையை அதில் தொட வேண்டும். இறங்கும்போதும் தொட வேண்டும். ரெயில் என்றால் நிலையத்து வாசலில் உள்ள கருவியில் தொட்டு உள்ளே போய், போய்ச்சேர்ந்த நிலையத்தில் தொட்டு வெளியே வர வேண்டும். இறங்கும்போது தொட மறந்தால், போன தூரத்துக்குரியதை விட அதிகமாகக் காசு போய்விடக்கூடும். ஒரு பஸ்ஸை விட்டு இறங்கி 35 நிமிடத்துக்குள் அடுத்த பஸ்ஸில் ஏறினால், தொடக்கக் கட்டணத்தை இரண்டாம் முறை எடுக்கமாட்டார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு அங்கே 'ஹால்ட்டெ' என்று பெயர். பஸ் ஹோல்ட் என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு அது பாடமாக்கத் தேவையில்லாத சொல். 'வொல்ஃகன்டெ ஹால்ட்டெ' என்று அறிவிப்பு வந்தால், அடுத்த தரிப்பிடம் என்று அர்த்தம். 'இன்ஃகாங்' உள்ளே போகும் வழி. 'அவ்ட்ஃகாங்' வெளியே போகும் வழி. 'வெர்ட்ராஃகிங்' என்றால் தாமதம். 'ஒம்லெய்டிங்' என்றால் சுற்று வழி. 'வெர்வல்லன்' என்றால் இன்று இல்லை. இந்தச் சொற்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் தனியாக எழுதினோம். அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஒரு நாள் உட்ரெக்ட்டில் 'லொம்பொக்' என்ற பகுதிக்குப் போனோம். அது இந்தோனேசியாவிலுள்ள ஒரு தீவின் பெயர். பெரிய ரெயில் நிலையத்துக்குப் பின்புறமாக, நடந்து போகும் தூரம். துருக்கியரின் பள்ளிவாசல் ஒன்று இரண்டு மினாராக்களோடு நிற்கிறது. கானால்ஸ்ட்ராட் என்னும் வீதியில் முஸ்லிம்களின் கடைகள் பல உள்ளன. அந்த நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்களை நிறுத்தும் இடமும் இருக்கிறது. 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அதுவே சைக்கிள் நிறுத்துமிடங்களில் உலகில் ஆகப் பெரியது என்கிறார்கள். பாதணி அடுக்குவதுபோல் சைக்கிள்களை மாடி மாடியாக அடுக்கியிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஆமெர்ஸ்ஃபோர்ட் என்ற ஊருக்கு ரெயிலில் போனோம். கால் மணித்தியாலப் பயணம். எல்லா நிலையத்திலும் நிற்பது 'ஸ்ப்ரின்டர்'; பெரிய நிலையங்களில் மட்டும் நிற்பது 'இன்டர்சிட்டி'. ஏறி அமர்ந்ததும் கொப்பியைத் திறந்து, மத்ரஸாப் பிள்ளைகள்போல் சத்தமாக வசனங்களை ஓதத் தொடங்கினோம். எதிரே அமர்ந்திருந்த ஒரு மாணவி ஒன்றும் பேசாமல் கண்ணாடி யன்னலைக் காட்டினாள். 'ஸ்டில்ட்டெ' என்று எழுதியிருந்தது. அது மௌனமாக இருக்க வேண்டியவர்களின் பெட்டி! தங்கை வெட்கத்தால் சிவந்து போனாள். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய், ஓர் அம்மையாரிடம் 'இஸ் டேஸெ ப்ளாட்ஸ் வ்ரெய்?' என்று கேட்டாள். கேட்டுவிட்ட பிறகுதான், தான் கேட்டதை உணர்ந்தாள். ஏழாம் வசனம் அவளையறியாமலே வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை வந்தது. காலையில் தங்கை, "காக்கா, நீங்க வீட்டுல மகளோட இருங்க. நான் போய்ட்டு வாரன்" என்றாள். மச்சானுக்கு முகம் சரியில்லை, என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். "ஃபீ அமானில்லாஹ்" என்றேன். பகல் 12.30க்கு, பாடசாலையிலிருந்து வந்த மகளுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

மருமகளும் நானும் இஸ்தோப்பு இல்லாத அந்த வீட்டின் யன்னலோரம் அமர்ந்திருந்தோம். வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்த பிள்ளை, "மாமா, உம்மா இனிமேல் என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டாவா?" என்று கேட்டது.

"ஏன் மகள்? உங்களுக்குப் போக ஆசையா?"

"இல்ல மாமா. எனக்குப் பயம்." சற்று நேரம் கழித்துச் சொன்னது: "டாக்டர் சொல்றதுல சில சொல் எனக்குத் தெரியாது. தமிழ்லயும் தெரியாது. அப்ப நான் உம்மாட்ட, பயமில்லயாம் எண்டு சொல்லுவன்."

நான் என்ன சொல்வேன்? அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தேன். எட்டு வயதுத் தோளில் நாங்கள் எதைத் தூக்கி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது. தாயின் உடல்நலம், தனக்குப் புரியாத சொற்களோடு அந்தப் பிள்ளையின் வாய்வழியே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அது பொய் சொன்ன பிள்ளையல்ல. தாய் பயப்படக் கூடாது என்று எண்ணிய பிள்ளை. அந்தப் பாரத்தை அதன்மேல் வைத்த பெரியவர்கள் நாங்கள்.

பின்னேரம் ஐந்தேகால் மணிக்குத் தங்கை வந்தாள். வாசலில் நின்றபடியே கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

உட்ரெக்ட் நிலையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ் நிற்குமிடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே மஞ்சள் கடதாசி ஒன்று கட்டியிருந்தது. அதில் கொப்பியின் பின்பக்கத்துச் சொல்: வெர்வல்லன். இன்று இந்த இடத்தில் பஸ் நிற்காது. மணி 1.40. முன்பு என்றால் அங்கேயே திரும்பியிருப்பாள்.

"கை நடுங்கிச்சு காக்கா. கைத்தடியோட ஒரு வயசான மனுஷி நிண்டா. கிட்டப் போய் ரெண்டாம் வசனத்தச் சொன்னன். அவ கடகட எண்டு என்னமோ சொன்னா, ஒண்டும் விளங்கல்ல. எட்டாம் வசனம் சொன்னன். அவ இங்கிலீசுக்கு மாறிட்டா. ஒம்பதாம் வசனம் சொன்னன். சிரிச்சிட்டு, 'டெய்டெலெக்கெ ஹால்ட்டெ, டெய்டெலெக்கெ ஹால்ட்டெ' எண்டு ரெண்டு தரம் சொல்லி, கைத்தடியால வழியக் காட்டினா. தற்காலிகத் தரிப்பிடமாம். பிறகு என்ன நினைச்சாவோ, தானும் கூட நடந்து வந்து என்னை அங்க விட்டுட்டுப் போனா."

2.20க்கு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். பார்த்தது ஒரு பெண் டாக்டர். மெதுவாகவும் சுலபமான ஆங்கிலத்திலும் விளக்கினாராம். விளங்காததை எழுதித் தரும்படி கேட்டு வாங்கி வந்திருந்தாள். கேட்க வேண்டியவற்றைப் பிள்ளை பக்கத்தில் இல்லாததால் கூச்சமின்றிக் கேட்டதாகச் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ், பயப்படும்படி பெரிதாக ஒன்றுமில்லை என்று பின்னர் அறிந்தோம்.

மச்சான் வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். தங்கை அவருக்கு முன்னால் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்து, "அல்ஸ்டுப்ளீவ்ட்" என்றாள். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தது.

மகள் என்னிடம் சொன்னதைப் புறப்படும் நாளுக்கு முதல் நாள் இருவரிடமும் சொன்னேன். தங்கை அழுதாள். மச்சான் வெகு நேரம் பேசாமல் இருந்து, "நான் கார் வைத்திருப்பது அவளுக்கு லேசாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன்" என்றார். அங்கே பல பொது நூலகங்களில் பாஷை பழகுவோர் கூடிக் கதைக்க ஒழுங்குகள் இருக்கின்றன. அவர்களுடைய ஊர் நூலகத்தில் பெண்கள் கூடும் நாளொன்றை விசாரித்து வரும் பொறுப்பைத் தங்கையே ஏற்றாள். பஸ்ஸில்தான் போவாளாம்.

ஊருக்குத் திரும்பி, இதையெல்லாம் என் மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நல்லதுதான். எனக்கு அம்பாறைக் கச்சேரிக்குப் போறதெண்டாலும் நீங்கதானே வரணும். அங்க நான் யாருகிட்ட என்னத்தக் கேக்கிற?" என்றார்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. உலகின் மறுகோடிக்குப் போய்த் தங்கைக்குப் பத்து வசனம் பழக உதவிய நான், பத்தொன்பது வருடமாக என் வீட்டில் சிங்களத்தில் ஒரு வசனத்தைக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்குமுன் காரைக் கொண்டுவரும் மச்சானைப் பற்றி எழுதினேனே; மோட்டார் சைக்கிளைக் கொண்டுவரும் மச்சான் நான்தான்.

அன்றிரவு ஒரு கொப்பி எடுத்தோம். 'மே பஸ் எக்க அம்பாறட்ட யனவாத?' என்று முதல் வசனத்தை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்ததில் அவருக்கும் கொஞ்சம் நினைவிருந்தது. பத்து வசனத்தையும் எழுதி முடித்த பின், "கந்தோருக்குச் சிங்களத்துல என்ன?" என்று கேட்டார்.

"கந்தோருவ" என்றேன்.

"இவ்வளவுதானா!" என்று சிரித்தார்.